இன்னொருக்கா டீச்சர்

அவர் டீச்சர் இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள்கூடப் பாடம் எடுத்ததில்லை. ஆனால் கொடைக்கானலில் பருத்திப் புடவை கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, தனியாக பஸ் ஏறுகிற பெண் என்றால், ஒன்று டீச்சராக இருக்க வேண்டும், இல்லையென்றால் சிஸ்டராக இருக்க வேண்டும். கழுத்தில் சிலுவை இல்லாததால் இவரை டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

‘இன்னொருக்கா’ என்பதை முன்னால் சேர்த்தது கூக்கால் பஸ் கண்டக்டர். ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகுகிற அந்தக் கண்டக்டருடைய கையைப் பார்த்துவிட்டு இவர், “அண்ணே, இன்னொருக்கா மடிங்க” என்று கேட்டிருக்கிறார். கண்டக்டரும் மடித்திருக்கிறார். “இன்னொருக்கா.” மூன்றாவது தடவை பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “டீச்சர், எறங்குறவுக எறங்கணும், ஏறுறவுக ஏறணும். இதே சோலியாவா நான் நிக்க முடியும்?” என்று கண்டக்டர் கேட்டதற்கு, கையில் இருந்த ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினாராம். அன்று சாயங்காலத்துக்குள் மேல்மலை பூராவும் பெயர் பரவிவிட்டது.

நான் அப்போது ஏழு ரோடு சந்திப்பிலிருந்து இறங்குகிற சரிவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், கட்டுக் கட்டாகத் தாள் வெட்டுகிற கத்தி மெஷின். கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் புத்தகங்களை ஓரம் வெட்டி பைண்டு செய்து கொடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெருமைதான் பின்னால் வினையாக வந்தது. அதைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் அதற்கு முன்னால் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் எடுத்தது அனிமேஷன் படம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது ‘பொம்மைப் படம்’. கம்பெனி கிடையாது, ஆள் கிடையாது. பள்ளங்கியில் பூண்டுத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வாடகை வீடு. உள்ளே ஒரு மேசை, மேசையில் ஒரு கண்ணாடிப் பலகை, கண்ணாடிக்கு அடியில் ஒரு டியூப் லைட். அந்த வெளிச்சத்தில் தாள்மேல் தாள் வைத்து, கீழே இருக்கும் படத்துக்கும் மேலே வரையும் படத்துக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும்படி வரைந்துகொண்டே போவார். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள். கரண்ட் போனால் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். மூடுபனி இறங்கி வெளிச்சமும் போனால் பேசாமல் பென்சில் சீவிக்கொண்டிருப்பார்.

ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தைகள் தின விழாவுக்குப் படம் போடச் சொல்லி ஆள் வந்தது. என் கடையில் வைத்துத்தான் கேட்டார்கள். “என் படம் பிள்ளைங்களுக்கு இல்லைங்க” என்றார். வந்தவர் முகம் மாறிவிட்டது. அவர் என்ன நினைத்திருப்பார் என்பது எனக்குப் புரிந்தது, ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்தேன். ஆள் போனதும், “அப்படி என்னதாங்க்கா இருக்கு உங்க படத்துல?” என்று கேட்டேன். மறுநாள் ஒரு சிடி கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்.

ஏழு நிமிஷம். ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, ரசம் சோறு. பேச்சே கிடையாது. அவன் சாப்பிட்டுக்கொண்டே தட்டை லேசாக முன்னால் தள்ளுகிறான். அவள் எழுந்து வந்து பரிமாறுகிறாள். மறுபடி தள்ளுகிறான், மறுபடி எழுகிறாள். மூன்றாவது தடவை தள்ளும்போது அவள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை.

“இதுக்கா அக்கா மூணு வருஷம்?”

“ரெண்டே முக்கால்” என்றார்.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளினார். எத்தனை வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. எனக்கு வீட்டுக்காரர் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் அதிகம் கோபம் வந்தது. நிம்மதியாக இருந்தவளைக் கெடுத்துவிட்டாரே!

ஒரே ஒரு விஷயத்தில் அவர் பிடிவாதத்துக்கு அளவே கிடையாது. கண்ணால் பார்க்காத அசைவை வரைய மாட்டார். பார்த்தால் மட்டும் போதாது, தானும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். பேரிக்காய்க் கூடையோடு ஒரு கிழவர் சறுக்கி விழுகிற காட்சிக்காக, என் கடை வாசலில் சாக்கை விரித்து, பதினோரு தடவை விழுந்தார். நாலாவது தடவையில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்க்கடைக்காரர் சோடாவோடு ஓடிவந்தார். “டீச்சருக்கு வலிப்பா?” என்று ஒரு டூரிஸ்ட் வண்டி டிரைவர் என்னிடம் விசாரித்தார். இவர் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, “விழும்போது கூடையத்தான் மொதல்ல காப்பாத்தணும்னு கை போகுது, பாத்தீங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டார். கூடையே இல்லை அங்கே.

இந்தப் பிடிவாதத்தால் வந்த வேலைகளையும் கெடுத்துக்கொண்டார். மலேரியா விழிப்புணர்வுக்கு ஒரு சின்னப் படம் வரைந்து கொடுக்க வேண்டும், அதில் கொசு பேசி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து சொன்னார்கள். “கொசு பேசி நான் பாத்ததில்லைங்களே” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. வந்தவர்கள் டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

“வாய மூடிக்கிட்டு ஒரு கொசுவ வரைஞ்சு குடுத்தா என்னங்க்கா கொறஞ்சு போயிரும்?” என்று கடிந்துகொண்டேன்.

“மெட்ராஸ்ல பத்து வருஷம் ஒரு ஸ்டுடியோவுல இருந்தேன். வெளிநாட்டுக்காரனோட நரிக்கு வால் வரையிறது என் வேல. வால் மட்டும். தலைய வேற ஒருத்தர் வரைவாரு. அந்த நரி ஏன் ஓடுது, எங்க ஓடுதுன்னுகூட எனக்குச் சொன்னதில்ல” என்றார். “இனிமே தெரிஞ்சதத்தான் வரையணும்னு அன்னிக்கே நெனச்சுட்டேன்.” அதைச் சொல்லும்போது அவருடைய வலது கை தானாகவே காற்றில் ஒரு வாலை வரைந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

எப்போதும் இப்படிச் சிரித்துப் பேசிக் கழிந்துவிடவில்லை. ஒருமுறை கூக்காலில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து, என் கடையில் வாடிக்கையாளர் நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன். “மகன் செத்துட்டான். அந்தத் தாய் அழுவுறா. நான் அவ தோள் எத்தன தரம் குலுங்குதுன்னு எண்ணிக்கிட்டு நின்னேன். எண்ணி முடிச்ச பொறகுதான் எனக்கே ஒறச்சுது. நான் மனுசிதானா தங்கச்சி?” என்று கேட்டார். அந்த அழுகையை அவர் எந்தப் படத்திலும் வரையவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்டவர் என் அம்மாவிடம் வந்து சேர்ந்ததற்கு நான்தான் காரணம். தரையிலிருந்து ஒரு வயதான பெண் எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், வாருங்கள் என்று காலனிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவும் அப்பாவும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கப்பலேறி வந்து, இந்த மலையில் மரப்பட்டை உரித்து, உருளைக்கிழங்கு தோண்டி, என்னைப் படிக்கவைத்தார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடியே முளைக்காது. பேச்சும் குறைவு.

“எந்திரிச்சா எந்திரிக்கணும். இதுல பாக்குறதுக்கு என்னா புள்ள இருக்கு?” என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். அப்புறம் பன்னிரண்டு தடவை எழுந்து காட்டினாள். “முட்டி தேஞ்சு போயிரும்மா, போதும்” என்று நான் சத்தம் போட்டேன். இரண்டு பேருமே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன்பிறகு அவர் வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தார். நான் கடையில் இருக்கிற நேரத்தில் வருவார், போவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கும். “என்னம்மா பேசுனீங்க?” என்று கேட்டால், “சும்மாதான்” என்பாள். என்னிடம் பேசாத எதையோ அவரிடம் பேசுகிறாள் என்பதில் எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஒரு பெரிய துணிப்பையோடு கடைக்கு ஓடிவந்தார். வத்தலக்குண்டில் அவருடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்திருந்தது. பையில் நானூறுக்குக் கொஞ்சம் மேலே தாள். புதுப் படத்தின் முக்கியமான ஒரே காட்சி. இத்தனையையும் ஸ்கேன் செய்து வைத்தால், திரும்பி வந்ததும் மற்ற காட்சிகளோடு சேர்த்து வெளிநாட்டில் ஒரு படவிழாவுக்கு அனுப்பிவிடலாம். கடைசித் தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. “எப்படிச் செய்யணும்னு உள்ள எழுதி வச்சிருக்கேன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, கீழே இறங்குகிற பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

எழுதி வைத்ததை நான் படிக்கவில்லை. எட்டு வருஷமாகத் தாளோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு ஒருத்தர் எழுதி வைத்துச் சொல்லித்தர வேண்டுமா?

தாள்கள் என் ஸ்கேனரைவிட இரண்டு விரல் நீளமாக இருந்தன. ஒவ்வொரு தாளின் கீழ் ஓரத்திலும் மூன்று துளைகள், நடுவில் வட்டமாக ஒன்று, இரண்டு பக்கமும் நீளமாக ஒவ்வொன்று. ஃபைலில் கோப்பதற்காகப் போட்ட துளை என்று நினைத்தேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு வேறு எப்படித் தோன்றும்? துளையோடு ஸ்கேன் செய்தால் அசிங்கமாக விழும், மெஷினிலும் அடங்காது. ஐம்பது ஐம்பதாகத் தட்டி அடுக்கி, கத்தி மெஷினில் வைத்து, துளை ஓரத்தை ஒரே வெட்டாக வெட்டி எடுத்தேன். ப்ராஜெக்ட் புத்தகம் மாதிரி ஓரம் பளிச்சென்று இருந்தது. பார்த்தால் அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன், அது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பிறகு ஒவ்வொரு தாளாக ஸ்கேனரில் வைத்தேன். ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். பாவாடையை மார்புக்கு மேலே கட்டியிருக்கிறாள். கை முடிச்சுக்குப் போகிறது. நாற்பதாவது தாளில் முடிச்சு அவிழ்ந்தது. அறுபதாவது தாளில் பாவாடை தரையில் கிடந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன். எண்பதாவது தாளுக்கு மேலே அவள் லேசாகத் திரும்பி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தாள். இடது முட்டி முதலில் மடங்கியது. உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை.

என் கை நின்றுவிட்டது. அம்மா. என் அம்மாவை இப்படி நான் பார்த்ததே இல்லை. மெஷினை அணைத்துவிட்டு, தாள்களைப் பையில் திணித்து, அந்தப் பையை மேசைக்கு அடியில் காலால் தள்ளினேன். அன்று மட்டுமில்லை, அவர் வருகிறவரை ஆறு நாளும் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் வந்தார். அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தார். கீழ் ஓரத்தைத் தடவினார். இன்னொரு கட்டை எடுத்தார். அதையும் தடவினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“தொள எங்க தங்கச்சி?”

“வெட்டிட்டேன். அத விடுங்க. இது எங்கம்மாதான?”

“ஆமா.”

“எம்புட்டு தைரியம் இருந்தா எங்கம்மாவ இப்படி வரைவீங்க? காலனில தெரிஞ்சா நாங்க குடியிருக்க வேண்டாமா?”

“அவங்களக் கேட்டுத்தான் வரைஞ்சேன்.”

“என்னயக் கேட்டீங்களா?”

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “உங்க உடம்பா அது?” என்று கேட்டார்.

நான் அழுதுவிட்டேன். அப்புறம்தான் அந்தத் துளைகள் எதற்கென்று சொன்னார். மேசையில் மூன்று முளைகள் அடித்த பட்டை இருக்கும். ஒவ்வொரு தாளும் அந்த முளைகளில் உட்காரும். அதனால்தான் நானூறு தாளிலும் அவள் ஒரே இடத்தில் நிற்கிறாள். ஸ்கேனரில் ஒட்டுவதற்கும் அதேபோல ஒரு பட்டையைப் பைக்குள் வைத்திருந்தார். துளை போனதால் எந்தத் தாள் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல இனி ஒன்றும் கிடையாது. இரண்டு வருஷ உழைப்பை நான் ஒன்பது வெட்டில் முடித்திருக்கிறேன்.

“தப்பு எம்மேலதான். எழுதி வச்சிட்டு ஓடியிருக்கக் கூடாது. வாயால சொல்லியிருக்கணும்” என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். “வாங்க, அம்மாகிட்டப் போவோம். அவங்க வேண்டாம்னா எல்லாத்தையும் அடுப்புல போட்டுர்றேன். இந்தப் படமே வேண்டாம்.”

நான் ஸ்கேன் செய்த தாள்களைக் கண் அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, லேப்டாப்பில் ஓடவிட்டு அம்மாவுக்குக் காட்டினார். ஒவ்வொரு தாளும் ஒரு மயிரிழை இப்படியும் அப்படியும் விலகியிருந்ததால், அந்தப் பெண் நின்ற இடத்தில் உதறிக்கொண்டே இருந்தாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஏன் புள்ள இவ இப்படி நடுங்குறா?”

“தாள் நகந்திருச்சும்மா” என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

“அன்னிக்கி எனக்குக் குளுரலியே. நல்லா கதகதன்னு இருந்திச்சு. இது சரியில்ல, திருப்பி வரை.”

“எம்மா!” என்றேன். “இத நாலு பேரு பாப்பாகம்மா.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். அன்று அவள் பேசிய அளவுக்கு ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. “தோட்டத்து லயத்து வீட்டுல இருக்கயில, பீலிக் கொழாயில கொட்டுற தண்ணியிலதான் குளிப்போம். பொம்பளைக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது. கங்காணி போவான், கணக்கப்புள்ள போவான். பாவாடைய நெஞ்சுக்கு மேல ஏத்திப் பல்லுல கடிச்சிக்கிட்டுதான் குளிக்கணும். கல்யாணமாகியும் அப்படித்தான். இங்க வந்து சாக்குப் படுதா, பொறகு தகரம். அதுலயும் அப்படித்தான். நீ கதவு போட்டுக் குளிக்கிற ரூம் கட்டிக் குடுத்தியே, அதுக்குள்ள போயித்தான் மொத மொதல்ல அவுத்தேன். அறுவது வயசுல. எம்வயித்த நானே அன்னிக்கித்தான் முழுசாப் பாத்தேன்.”

“மூஞ்சிய மாத்திர்றேன்மா. யாருக்கும் தெரியாது” என்றார் அவர்.

“மாத்தாத. வேற எவ மூஞ்சியவாவது வச்சா, வேற எவளோ குளிச்சதாவுல்ல ஆயிரும்.”

அந்தப் படவிழா கைநழுவிப் போனது. நானூறு தாளையும் முதலிலிருந்து வரைய அவருக்கு ஏழு மாதம் ஆனது. அம்மா திரும்பவும் அத்தனையும் செய்து காட்டினாள், கதவைச் சாத்திக்கொண்டு, பாவாடைமேல் பாவாடை கட்டிக்கொண்டு. நான் வெளியே உட்கார்ந்து பூண்டு உரித்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும்.

பின்னால் அந்தப் படம் எங்கெங்கேயோ போனது. ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று முத்திரை போட்டார்கள், சில இடங்களில் திரையிடவே கூடாது என்றார்கள், ஓர் இடத்தில் பரிசு கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கீழே இறங்கிவிட்டார். சில வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. ஆனால் வெளியே எங்கும் போவதற்கு முன்னால் முதன்முதலாக அந்தப் படம் ஓடியது எங்கள் வீட்டு முன்னறையில்தான். அம்மாவின் நிபந்தனை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு, சுவரில் வெள்ளைப் போர்வையை ஆணியடித்து, எங்கிருந்தோ ஒரு புரொஜெக்டரை இரவல் வாங்கி வந்திருந்தார். என் வீட்டுக்காரரைக் கடையைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டோம். அம்மா, காலனியில் அவள் வயதுக்காரிகள் மூன்று பேர், நான். அவர் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றார்.

திரையில் கிழவி குளியலறைக்குள் வந்து தாழ்ப்பாளைப் போடுகிறாள். அண்டாவிலிருந்து ஆவி எழுகிறது. முடிச்சை அவிழ்க்கிறாள். மூன்று கிழவிகளும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் இப்போது நடுங்கவில்லை. முதல் குவளையைக் காலில் ஊற்றினாள், அடுத்ததைத் தோளில். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். பிரசவக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. நன்றாக இருந்தது. எதற்காக நான் அவ்வளவு பயந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

அப்போது கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. திரையில் அந்தக் கதவு அதிர்ந்தது. கிழவி திடுக்கிட்டுப் பாவாடையை அள்ளி, நெஞ்சுக்கு மேலே ஏற்றி, நாடாவைப் பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, உள்ளே அவளைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அந்தக் கதவைத் தட்டியது என் கை. அந்த நாளே எனக்கு நினைவில் இல்லாமல் இருந்தது, தட்டல் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. மே மாதம், சீசன், கடைக்கு நேரமாகிவிட்டது. “எம்மா, எம்புட்டு நேரந்தான் குளிப்ப? வெரசா வா, வெந்நி எனக்கும் வேணும்.” தலையைக்கூடத் துவட்டாமல் ஈரப் பாவாடையோடு அம்மா வெளியே வந்தாள். மன்னிப்புக் கேட்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் உள்ளே போய்க் குளித்தேன்.

திரையில் அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் ஓய்ந்தது. செருப்புச் சத்தம் ஒன்று தள்ளித் தள்ளிப் போனது. அவள் கதவையே பார்த்தாள். பிறகு அவள் கை மெதுவாக மேலே வந்து, முடிச்சை மறுபடியும் அவிழ்த்தது. அண்டாவில் குவளையை முக்கினாள். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். அவசரமே இல்லாமல், அண்டா காலியாகிறவரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

படம் முடிந்து வெள்ளைப் போர்வை மட்டும் தெரிந்தது. அம்மா திரும்பாமலேயே கேட்டாள்:

“தட்டுனதத்தான் சொன்னேன், மறுக்கா அவுத்தத நான் சொல்லலியே புள்ள. நான் அன்னிக்கி வெளிய வந்துட்டேனே.”

“தெரியும்மா.”

“பாக்காத எதையும் வரைய மாட்டேம்பியே நீ.”

“ஆமாம்மா.” அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். “இது ஒண்ணுதான் பாக்காம வரைஞ்சேன்.”

அம்மா கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் போர்வையைப் பார்த்தாள். “சரியாத்தான் வரைஞ்சிருக்க. அப்படித்தான் அவுத்திருப்பேன்” என்றாள்.

பிறகு இருட்டில் என் முழங்காலைத் தேடிக் கையை வைத்தாள். “நீ என்னா பண்ணுவ? கடைய வெள்ளனே தொறக்கணும்ல” என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா ஒன்பது வருஷம் இருந்தாள். ஒரு நாளும் அந்தக் கதவை நான் தட்டவில்லை.